கால் எரிச்சலுக்கு டிப்ரஷன் மாத்திரையா? மூளைத்தண்டில் என்ன நடக்கிறது?

புதுப்பாலம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அம்மாவுக்கு 64 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாக இரண்டு பாதமும் எரிகின்றன, ராத்திரி போர்வை பட்டாலே துள்ளி எழுகிறார். போன வாரம் நரம்பு மருத்துவர் டூலாக்செட்டின் 30 எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது டிப்ரஷன் மாத்திரையாச்சே" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். "எரியிறது கால். இவரு மூளைக்கு மருந்து தர்றாரு. எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா அட்டையைப் பிரிக்கவே இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். "மூளைத்தண்டிலிருந்து வலியைத் தடுக்கிற நரம்பு கீழே இறங்குகிறது, அதற்கு இது பலம் கொடுக்கும்" என்றார். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. வலி கீழேயிருந்து மேலே போகும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மேலேயிருந்து கீழே என்ன வருகிறது? அம்மாவிடம் திரும்பச் சொல்கிற மாதிரி யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

வாசகன்72

என் மாமனாருக்கும் இதே மாத்திரைதான். அவரிடம் "நரம்பு மாத்திரை" என்று மட்டும் சொன்னோம். பிரச்சினை தீர்ந்தது. 😀

குயில்தோப்பு

பொய் சொல்லிக் கொடுப்பதைவிட விஷயத்தைச் சொல்லிவிடலாம், அது அவ்வளவு கஷ்டமில்லை. நான் வலி பற்றிய நரம்பியலில் ஆய்வு செய்தவள், மருத்துவர் அல்ல. அதனால் மருந்தின் அளவு, நிறுத்தலாமா என்பதையெல்லாம் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

பாதத்திலிருந்து வலியைக் கொண்டுவரும் நரம்பிழை நேராக மூளைக்குப் போவதில்லை. முதுகுத்தண்டுக்குள் இருக்கும் தண்டுவடத்தின் பின்புறத்தில் முடிகிறது. அங்கே அடுத்த நரம்பணுவுக்கும் அதற்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி. சினாப்ஸ் என்பது இதுதான். வந்த இழை அந்த இடைவெளியில் குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளைக் கொட்டும், எதிரே இருக்கும் அணு அதை வாங்கிக்கொண்டு மேலே சேதி அனுப்பும். எவ்வளவு கொட்டும், எதிரணு எவ்வளவு வாங்கும் என்பதில்தான், மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டு கை வைக்கிறது.

ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லலாம்: தண்டுவடம் மடை, மூளைத்தண்டு வயலுக்குத் தண்ணீர் கட்டும் ஆளான நீர்க்கட்டி. மடையைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. வயலில் நிற்கிறவர் வரும் தண்ணீரை மட்டும்தான் பார்ப்பார்.

இது வெறும் உவமை இல்லை என்று காட்டிய சோதனை 1969இல் வந்தது. டேவிட் ரெனால்ட்ஸ் என்பவர் எலியின் நடுமூளையில் ஒரு மின்முனையைச் செருகி, லேசாக மின்சாரம் பாய்ச்சியபடியே வயிற்றைக் கீறி அறுவை செய்தார். மயக்க மருந்து கிடையாது. எலி முழித்துக்கொண்டிருந்தது, துடிக்கவில்லை. (படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.)

அவர் தொட்ட இடத்துக்குப் பெயர் பிஏஜி. நடுமூளையின் நடுவே திரவம் ஓடும் ஒரு மெல்லிய கால்வாய் உண்டு, அதைச் சுற்றி உறை போட்ட மாதிரி இருக்கும் சாம்பல் நிறத் திசு அது. அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1964இல், ஷாங்காயில் இரண்டு ஆய்வாளர்கள் முயலின் மூளையில், கசகசாச் செடியின் பாலிலிருந்து வரும் வலிமருந்தான மார்ஃபினைத் துளித் துளியாக வெவ்வேறு இடங்களில் விட்டுப் பார்த்து, இந்தப் பகுதியில் விட்டால்தான் மிகக் குறைந்த அளவிலேயே வலி அடங்குகிறது என்று கண்டிருந்தார்கள். ஒன்று மின்சாரம், இன்னொன்று மார்ஃபின். இரண்டும் போய் நின்றது ஒரே வாசலில்.

சும்மா_ஒருத்தன்

> மார்ஃபினை விட்டால் வலி அடங்குகிறது

மார்ஃபின் நரம்பணுவை அடக்குகிற மருந்து. மின்சாரம் நரம்பணுவைத் தூண்டுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே பலனைத் தருகிறது என்றால் கதை இடிக்கிறதே.

குயில்தோப்பு

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இந்த முரணை அவிழ்த்தபோதுதான் விஷயமே புரிந்தது.

பிஏஜியில் கீழ்நோக்கிச் சேதி அனுப்பும் அணுக்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் மேல் சின்னச் சின்ன காபா அணுக்கள் எந்நேரமும் உட்கார்ந்து, "சும்மா இரு, சும்மா இரு" என்று அமுக்கிக்கொண்டே இருக்கின்றன. காபா என்பது மூளையின் முக்கியமான தடுப்பு வேதிப்பொருள். மார்ஃபின் போய் அடக்குவது இந்தக் காபா அணுக்களை. காவல்காரன் கண்ணயர்ந்ததும் உள்ளே இருக்கிறவன் எழுந்துவிடுகிறான். தடையின் மேல் ஒரு தடை போட்டால் கிடைப்பது விடுதலை. மின்சாரமோ அந்த அணுவையே நேராகத் தட்டி எழுப்புகிறது. போகும் வழி வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்று.

சினாப்ஸ் அளவில் பார்த்தால் இன்னும் அழகு. காபா அணுவின் நுனியில் மார்ஃபின் போய் ஒட்டும் பூட்டு மாதிரி ஓர் இடம் இருக்கிறது, அதற்குப் பெயர் மியூ ஏற்பி. மார்ஃபின் அதில் ஒட்டியதும் நுனிக்குள் தொடர்வினை ஒன்று கிளம்புகிறது. பொட்டாசியம் வாயில் அதிகம் திறந்து நுனி மந்தமாகி, காபாவைக் கொட்டுவது குறைகிறது. நம் உடம்பே தயாரிக்கும் என்கெஃபலினும் இந்த ஏற்பியில் ஒட்டுகிறது. அதை 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கசகசாச் செடியின் பாலுக்கு நம் மூளையில் ஏன் ஒரு பூட்டு இருக்க வேண்டும் என்ற பழைய கேள்விக்கு அதுதான் பதில். பூட்டு நம்முடையது, நம் சாவிக்காக இருந்தது. செடியின் சாவி தற்செயலாகப் பொருந்துகிறது.

மயக்கமருந்து_டாக்டர்

தியேட்டர் வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். குயில்தோப்பு அக்கா, ஒரு சந்தேகம். அறுவைக்குப் பிறகு நாங்கள் மார்ஃபின் வகையோடு டைக்ளோஃபினாக் மாதிரி ஆஸ்பிரின் வகை மருந்து ஒன்றையும் சேர்த்துப் போடுவோம். மார்ஃபின் குறைவாகவே போதும். வீக்கத்தை அது பார்த்துக்கொள்ளும், வலியை இது பார்த்துக்கொள்ளும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நுனியிலேயே ஏதாவது சம்பந்தம் உண்டா?

குயில்தோப்பு

உண்டு டாக்டர். 1997இல் ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டோபர் வான், மெக்டொனால்ட் கிறிஸ்டி குழு எலியின் பிஏஜியை மெல்லிய சீவலாக வெட்டி உயிரோடு வைத்துக்கொண்டு பார்த்தது. மியூ ஏற்பி கிளப்பும் தொடர்வினை அரக்கிடோனிக் அமிலம் வழியாகப் போகிறது. அந்த அமிலத்துக்கு இரண்டு பாதை. ஒன்று சைக்ளோஆக்சிஜனேஸ், இன்னொன்று லிப்பாக்சிஜனேஸ். பொட்டாசியம் வாயிலைத் திறப்பது இரண்டாவது பாதையின் சரக்கு. ஆஸ்பிரின் வகை மருந்துகள் முதல் பாதையை அடைத்தால் சரக்கு முழுவதும் இரண்டாவது பாதைக்குத் திரும்புகிறது, மார்ஃபினின் கை ஓங்குகிறது. வீக்கத்தில் செய்யும் வேலை வேறு, அது பாட்டுக்கு நடக்கும். மூளைத்தண்டுக்குள்ளும் இரண்டும் கைகோக்கின்றன என்பதுதான் அன்று புதுச் செய்தி.

மயக்கமருந்து_டாக்டர்

அருமை. இத்தனை வருடம் போட்டிருக்கிறேன், இது தெரியாது.

புதுப்பாலம்

அக்கா, மடை வரைக்கும் அம்மாவிடம் சொன்னேன், தலையாட்டினார். தாத்தாவுக்கு வயல் இருந்ததால் நீர்க்கட்டி என்றதும் பிடித்துக்கொண்டார். ஆனால் உடனே ஒரு கேள்வி: "மடையை மூட ஆள் இருக்கான்ல? அப்ப எனக்கு ஏன் மூட மாட்டேங்கிறான்?"

குயில்தோப்பு

அம்மா கேட்டதைத்தான் இந்தத் துறை முப்பது நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவருக்கு என் வணக்கம்.

நீர்க்கட்டி ஒருவர் இல்லை, இரண்டு பேர். பிஏஜி தண்டுவடத்தோடு பெரும்பாலும் நேராகப் பேசுவதில்லை. மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் மேல்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி இருக்கும் ஆர்விஎம் என்ற இடத்துக்குச் சொல்கிறது. அங்கிருந்துதான் இழைகள் தண்டுவடத்தின் பின்பக்கவாட்டுக் கற்றை வழியாகக் கீழே இறங்குகின்றன. கலிஃபோர்னியாவில் ஹோவார்ட் ஃபீல்ட்ஸ் குழு 1983இல் லேசான மயக்கத்தில் இருந்த எலியின் வாலைச் சூடாக்கிக்கொண்டே இந்த இடத்தின் ஒவ்வோர் அணுவாக ஒட்டுக்கேட்டது. எலி வாலைச் சுண்டி இழுப்பதற்குச் சற்று முன்பு ஒரு வகை அணு படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. இன்னொரு வகை அதே நேரத்தில் சட்டென்று மௌனமானது. முதல் வகைக்கு ஆன் அணு என்றும், இரண்டாவதற்கு ஆஃப் அணு என்றும் பெயர் வைத்தார்கள். எதற்கும் அசையாத மூன்றாவது வகையும் உண்டு.

ஆஃப் அணு பேசிக்கொண்டிருக்கும் வரை மடை மூடியிருக்கும். அது வாயை மூடினால்தான் வலி உள்ளே வரும். ஆன் அணு மடையைத் தூக்கிவிடுகிற ஆள். மார்ஃபின் கொடுத்தால் ஆன் அணு நேரடியாக அடங்குகிறது. ஆஃப் அணுவின் மேல் உட்கார்ந்திருக்கும் காபா விலகி, அது ஓயாமல் பேச ஆரம்பிக்கிறது. ஒரே மருந்து, இரண்டு ஆட்களிடமும் எதிரெதிர் வேலை.

இப்போது அம்மாவின் கேள்வி. நரம்பு அடிபட்ட நிலையில், மூட வேண்டியவர் சோர்ந்து, திறப்பவர் விடாப்பிடியாக நிற்பது நடக்கிறது. அரிசோனாவில் ஃபிராங்க் பொரேகா குழு எலியின் நரம்பைக் கட்டிவிட்டு, ஆர்விஎம்மில் மியூ ஏற்பி உள்ள அணுக்களை, அதாவது பெரும்பாலும் ஆன் அணுக்களை, முன்கூட்டியே அழித்துப் பார்த்தது. வலி மிகுதி வழக்கம்போலத் தொடங்கியது. ஆனால் நீடிக்கவில்லை, சில நாளில் அடங்கியது. தொடங்குவது காயம்பட்ட நரம்பு. அதை நாள்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பதில் மூளைத்தண்டுக்கும் பங்கு உண்டு.

போர்வை பட்டாலே துள்ளுகிறார் என்றீர்களே, தொடுகையே வலியாகும் அந்த நிலையைத்தான் இந்த எலிகளிலும் அளந்தார்கள்.

சும்மா_ஒருத்தன்

இரண்டு ஆட்சேபம்.

ஒன்று, வாலைச் சுண்டுவது வலி இல்லை. அது அனிச்சை. தண்டுவடத்தை மேலே வெட்டிவிட்டாலும் எலி வாலைச் சுண்டும். அதுவும் மயக்கத்தில் இருக்கும் எலி. அதைப் பார்த்து "வலி" என்ற சொல்லை எப்படிப் போடுகிறீர்கள்?

இரண்டு, மேலேயிருந்து கட்டுப்பாடு வருகிறது என்றால் கடைசியில் "எல்லாம் மனசுதான் காரணம்" என்றுதானே போய் முடியும்? என் தங்கைக்கு ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பெங்கும் நாள்பட்ட வலி. எத்தனை பேர் அவளிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? படித்தவர்களும்தான்.

குயில்தோப்பு

முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். வால்சுண்டலுக்கும் வேதனைக்கும் நடுவே பெரிய தூரம். அதனால்தான் மனிதச் சோதனைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்கு வெற்று மருந்து, அதாவது மருந்தே கலக்காத போலி, கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு நலாக்சோன் கொடுத்தார்கள், மார்ஃபின் ஏற்பியை அடைக்கும் மருந்து அது. வெற்று மருந்துக்கு நன்றாக அடங்கிய வலி மறுபடி ஏறியது. வெறும் "நினைப்பு" என்றால் அதை ஒரு ரசாயனத்தால் எப்படி அணைக்க முடியும்? 2009இல் ஜெர்மனியில் ஃபால்க் ஐப்பர்ட் குழு ஸ்கேனுக்குள் ஆட்களைப் படுக்க வைத்துப் பார்த்தபோது, வெற்று மருந்தை நம்பினவர்களின் முன்மூளைப் பகுதி பிஏஜியோடு இணைந்து வேலை செய்தது. நலாக்சோன் கொடுத்ததும் அந்த இணைப்பு தளர்ந்தது. தண்டுவடத்திலேயே வலிச்சேதி குறைவதையும் அதே குழு தனியாகப் படம் பிடித்தது.

இரண்டாவது ஆட்சேபத்துக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. உங்கள் தங்கையிடம் அப்படிச் சொன்னவர்கள், மனசு என்பது கம்பி இல்லாத ஏதோ காற்று என்று நினைக்கிறார்கள். பயம், கவனம், எதிர்பார்ப்பு எல்லாம் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியிலிருந்தும் முன்மூளையிலிருந்தும் இழை வழியாகத்தான் பிஏஜிக்கு வருகின்றன. இழை என்றால் பழுதாகும். பழுதான இழையைப் பார்த்து "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்பது, அறுந்த பெல்ட்டைப் பார்த்து மோட்டாரை வேகமாக ஓடச் சொல்வது மாதிரி.

வாசகன்72

> பயம், கவனம்

இது உண்மை. பைக்கில் விழுந்து காறை எலும்பு உடைந்தது. உடைந்ததே தெரியாமல் வண்டியை நிமிர்த்தி, எதிரே விழுந்த பெரியவரைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். கால்மணி நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கக் கையைத் தூக்கினேன் பாருங்கள், அம்மா!

மயக்கமருந்து_டாக்டர்

எங்கள் துறையில் இதற்கு ஒரு பிரபலமான முன்னோடி உண்டு. ஹென்றி பீச்சர், ஹார்வர்டில் மயக்கவியல் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் இருந்தவர். கடுங்காயத்தோடு வந்த வீரர்களிடம் "வலிக்கு மருந்து வேண்டுமா?" என்று கேட்டபோது முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள் என்று 1946இல் எழுதினார். அதே ஆட்கள் ஊசி போடத் தெரியாதவன் ரத்தக் குழாயைத் தேடிக் குத்தினால் கத்தினார்கள். மரத்துப்போனவர்கள் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு "வலியைப் பொறுத்துக்கொள்பவன்தான் ஆம்பளை" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தத் தடுப்பு நம் கட்டளைக்கு வருவதில்லை. வந்தால் எனக்கு வேலையே இருக்காது.

புதுப்பாலம்

எல்லாம் படித்தேன். இன்னும் டூலாக்செட்டின் வரவில்லையே அக்கா.

குயில்தோப்பு

மன்னிக்கவும், வழியில் வேடிக்கை பார்த்துவிட்டேன்.

ஆர்விஎம் தவிர இன்னொரு கிளையும் இறங்குகிறது. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சின்ன நீலப் புள்ளி. அதுவும் பக்கத்து அணுத்தொகுதிகளும் தண்டுவடத்துக்கு நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை அனுப்புகின்றன. அது ஆல்ஃபா-2 என்ற ஏற்பியில் ஒட்டி, பாதத்திலிருந்து வந்த இழை கொட்டும் குளுட்டமேட்டைக் குறைக்கிறது, எதிரணுவையும் மந்தப்படுத்துகிறது. மடையின் இரண்டு பக்கமும் அடைப்பு. கொட்டிய நார்அட்ரினலினை இழை உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். டூலாக்செட்டின் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது, அதனால் கொட்டியது இடைவெளியில் கூடுதல் நேரம் நிற்கிறது. செரடோனின் என்ற இன்னொரு வேதிப்பொருளுக்கும் அது இதையே செய்கிறது. இதே உறிஞ்சல் தடுப்பு முன்மூளையில் நடந்தால் மனச்சோர்வுக்கு உதவும். மருந்து ஒன்று, தெரு இரண்டு. அமெரிக்காவில் 2004இல் மனச்சோர்வுக்கும் சர்க்கரை நரம்பு வலிக்கும் ஒரே வருடத்தில் அனுமதி வாங்கிய மருந்து இது.

அம்மாவின் "எனக்கென்ன பைத்தியமா"வுக்குப் பழைய சோதனை இரண்டு இருக்கின்றன. 1987இல் மிச்சல் மேக்ஸ் குழு சர்க்கரை நரம்பு வலிக்காரர்களுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தது. அதுவும் மனச்சோர்வு மருந்துதான். மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் வலி குறைந்தது. 1992இல் அதே குழு ஃபுளூக்செட்டினைப் பார்த்தது. அது நல்ல மனச்சோர்வு மருந்து, ஆனால் பிடிப்பது செரடோனினை மட்டும். வலியில் வெற்று மருந்தைத் தாண்டவில்லை. மனம் தேறியதால் வலி குறைகிறது என்றால் ஃபுளூக்செட்டின் ஜெயித்திருக்க வேண்டும்.

செரடோனின் ஏன் கைவிட்டது என்றால், அது இரட்டை நாக்குக்காரன். தண்டுவடத்தில் சில ஏற்பிகளில் ஒட்டினால் வலியைக் குறைக்கும், 5-எச்டி-3 என்ற ஏற்பியில் ஒட்டினால் ஏற்றும். நார்அட்ரினலினின் பேச்சில் அந்தக் குழப்பம் குறைவு.

மயக்கமருந்து_டாக்டர்

ஒரு நடைமுறைக் குறிப்பு. அம்மாவுக்கு வேறு யாராவது டிராமடால் என்ற வலி மாத்திரை எழுதியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதுவும் செரடோனினை ஏற்றும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்தாகலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல் வரும், சாப்பிட்ட பின் கொடுத்தால் குறையும். முதல் மாத்திரையிலேயே எரிச்சல் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சும்மா_ஒருத்தன்

யாருக்கு இது வேலை செய்யும், யாருக்குச் செய்யாது என்று முன்கூட்டியே தெரியுமா? தங்கைக்கும் இதைத்தான் யோசிக்கிறார்கள்.

குயில்தோப்பு

சுவையான ஒரு முயற்சி இருக்கிறது. முள்ளை முள்ளால் எடுப்பது மாதிரி, ஓரிடத்து வலி இன்னோரிடத்து வலியை அடக்கும். 1979இல் பிரான்சில் லெ பார்ஸ் குழு இதை எலியில் விவரித்தது. அதற்கான சுற்று முகுளத்தின் கீழ்ப்பகுதி வழியாகப் போகிறது. மனிதர்களில் ஒரு கையை வலிக்கிற அளவு சூட்டில் வைத்துக்கொண்டு, மற்றக் கையின் வலி எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். இஸ்ரேலில் யார்னிட்ஸ்கி குழு 2012இல், சர்க்கரை நரம்பு வலிக்காரர்களில் இந்தத் தடுப்பு பலவீனமாக இருந்தவர்களுக்கே டூலாக்செட்டின் அதிகம் உதவியது என்று காட்டியது. நீர்க்கட்டி ஏற்கெனவே தெம்பாக இருந்தால் கூடுதலாகச் சோறு போட்டு என்ன ஆகப்போகிறது? சின்ன ஆய்வுதான், சாதாரண கிளினிக்கில் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. தங்கையின் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

சும்மா_ஒருத்தன்

கேட்கிறேன். நன்றி. காற்று இல்லை, இழை என்று நீங்கள் சொன்னதை அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

புதுப்பாலம்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். அம்மா மாத்திரை எடுக்க ஆரம்பித்துவிட்டார். முதல் மூன்று நாள் குமட்டல், இப்போது இல்லை. எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நேற்று ராத்திரி போர்வை போர்த்திக்கொண்டார். மாத்திரையாலா, மழைக் குளிராலா தெரியாது. அடுத்த வாரம் 60ஆக ஏற்றலாமா என்று டாக்டர் பார்ப்பாராம்.

இன்னொன்று. மூளைத்தண்டு பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, எலி சாக்லேட் தின்னும்போது சூடு பட்டாலும் காலை எடுப்பதில்லை என்று எங்கேயோ பார்த்து அம்மாவிடம் உளறிவிட்டேன். இப்போது, "அதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வா" என்கிறார். சர்க்கரை 210.

குயில்தோப்பு

😂 அது ஃபூ, மேசன் இருவரும் சிகாகோவில் செய்தது. உண்மைதான், ஆர்விஎம்மின் நடுப்பகுதியைத் தற்காலிகமாக அணைத்தால் அந்தத் தடுப்பும் போய்விடுகிறது. ஆனால் 2009 கட்டுரையை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். சாக்கரின் கரைசலுக்கும் வெறும் தண்ணீருக்கும் அதே பலன் கிடைத்தது, கலோரி தேவைப்படவில்லை. அம்மாவுக்கு மண்பானைத் தண்ணீர் ஒரு டம்ளர் கொடுங்கள்.